கத்தவில்லை, தடுக்கவில்லை என்றால் அது சம்மதமா?

“அவள் கத்தவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை, பிறகு எப்படி அது பாலியல் வன்முறை?” என்று கேட்கிறீர்கள்.

வன்முறைதான். பேரச்சத்தில் எல்லோரும் ஓடுவதோ எதிர்ப்பதோ இல்லை; பலருக்கு உடல் அப்படியே உறைந்துவிடும். கை கால் அசையாது, குரல் எழும்பாது. நினைத்தாலும் மாற்ற முடியாத எதிர்வினை அது. ஆகவே ‘மறுத்தாளா?’ என்ற கேள்வியே தப்பு, ‘விரும்பி இணங்கினாளா?’ என்றுதான் கேட்க வேண்டும். சுவீடன் 2018-இல் சட்டத்தையே இப்படித் திருத்தியது: மிரட்டலோ அடிதடியோ நிரூபிக்கப்படாவிட்டாலும், விருப்பமின்றி நடந்திருந்தால் குற்றம்.

முத்தத்துக்குச் சொன்ன ‘சரி’ அடுத்ததற்கும் சேர்த்துச் சொன்னதல்ல. பாதியில் மனம் மாறலாம். மிரட்டி வாங்கியதும், போதையில் நினைவு தப்பியவரிடம் பெற்றதும் சம்மதமே இல்லை. கணவன் மனைவிக்குள்ளும் இதேதான். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு வாய்விட்டுக் கேட்கலாமே, அதில் என்ன கூச்சம்? (ஆண்களும் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள், வெளியே சொல்பவர்கள்தான் குறைவு.)