கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆர்ஓ வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் 20 லிட்டர் கேன்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிப்பதால் அதைக் குடிப்பதில்லை. ஆர்ஓ இயந்திரம் விற்க வந்தவர் மீட்டரை வைத்து, குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் 310 என்று காட்டினார். வட்டியில்லாத் தவணை உண்டு என்கிறார். கேன் செலவை மிச்சப்படுத்த இயந்திரம் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறை வாடை. ஆர்ஓ முக்கியமாகச் செய்வது உப்பைக் குறைப்பது. உங்கள் தண்ணீரில் உப்பு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் தாதுக்களும் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. சுமார் 600-க்குக் கீழே இருந்தால் சுவை பொதுவாக நன்றாகவே இருக்கும், 1,000-ஐத் தாண்டும்போதுதான் குடிக்கச் சகிக்காமல் போகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுடையது 310. அதேசமயம், அந்த எண்ணை வைத்துத் தண்ணீர் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை மட்டுமே. கிருமி அதற்குத் தெரியாது. ஆர்சனிக்குக்கான வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைவிடப் பல மடங்கு இருந்தாலும் மீட்டர் எண்ணில் வித்தியாசம் தெரியாது.

(இரண்டு கம்பிகளை விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் டெமோவும் நடந்திருக்கலாம். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி அரிக்கிறது, அந்தத் துருதான் நிறம். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் நிறம் மாறாது. அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எனவே முதல் செலவு ஒரு ஆய்வகப் பரிசோதனை. கோலிஃபார்ம், ஈ.கோலை ஆகிய கிருமிகள், நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், ஈயம் இவற்றைக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு பாட்டில் முடிவைக் கெடுக்கும். எல்லாம் வரம்புக்குள் இருந்தால் குழாய்த் தண்ணீரே போதும். குளோரின் வாடைக்கு ஒரு கார்பன் ஃபில்டர் சரியாக இருக்கும். கிருமி மட்டும் இருந்தால், தண்ணீர் தெளிவாக இருக்கும் பட்சத்தில் யூவி (புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் கருவி) போதும். ஆனால் முதலில் தொட்டியைக் கழுவிவிட்டு இன்னொரு முறை பரிசோதியுங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் வரம்பு மீறியிருந்தால் ஆர்ஓ பக்கம் போகலாம். இவற்றைக் காய்ச்சிப் போக்க முடியாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

ஆர்ஓ தேவைப்பட்டால் கணக்கு இப்படி. விலைப்பட்டியலை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் "எத்தனை கேன்" என்று மாற்றிப் பாருங்கள். ஆளுக்குத் தினம் 3 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 12 லிட்டர், வருடத்துக்கு 4,380 லிட்டர், அதாவது 219 கேன். இயந்திரமும் பொருத்தும் கூலியும் 200 கேன் விலை, வருடப் பராமரிப்பு 60 கேன் விலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் இயந்திரத்துக்கு 500 கேன் செலவு. கேனாகவே வாங்கினால் 1,095. இயந்திரம் ஜெயிக்கிறது. அதே இயந்திரத்தைத் தினம் 4 லிட்டர் மட்டும் செலவாகும் வீட்டில் வைத்தால் அதே ஐந்து வருடத்துக்கு 365 கேன் போதும், இயந்திரம் தோற்றுவிடும். குறைவாகக் குடித்தாலும் ஃபில்டர்களைக் காலக்கெடுப்படி மாற்றியாக வேண்டும், செலவு பெரிதாகக் குறையாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

இதில் இரண்டு செலவை விட்டுவிடுவார்கள். வீட்டு ஆர்ஓவில் பலவும் ஒரு லிட்டர் தருவதற்குச் சுமார் 3 லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். உங்கள் 12 லிட்டருக்குத் தினமும் 36 லிட்டர். தண்ணீருக்கு அளவுப்படி கட்டணம் கட்டுபவர் என்றால் அதையும் கூட்டுங்கள். தரை துடைக்கவோ கழிப்பறைக்கோ அதைப் பிடித்து வைக்கலாம். இன்னொன்று, பராமரிப்பு ஒப்பந்தத்தில் மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) சேர்த்தியா என்பது. பெரிய செலவு அதுதான், இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும். "சர்வீஸ் ஃப்ரீ" என்றால் பெரும்பாலும் ஆள் வருவதுதான் ஃப்ரீ.

தவணை விஷயமும் அப்படித்தான். ஒரேயடியாகப் பணம் கட்டினால் என்ன விலை என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் வட்டி. செயலாக்கக் கட்டணம் இருந்தால் அதையும் சேருங்கள்.

பரிசோதனை முடிவு வரும் வரை கேனே இருக்கட்டும். அதற்குள் விற்பனையாளர் "இன்றோடு சலுகை முடிகிறது" என்று சொன்னால் முடியட்டும், விட்டுவிடுங்கள்.