ஈசியில் ஏறாத சண்டை

கேள்வி: குடியாத்தம் பக்கம் 60 சென்ட் பூர்வீக நிலம் விலைக்கு வருகிறது. விற்பவருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் வரப்பிலேயே கைகலப்பு. ஈசியில் (வில்லங்கச் சான்றிதழில்) ‘வில்லங்கம் இல்லை’ என்று வருகிறது. அப்புறம் என்ன பயம் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். நீங்கள் சொல்லும் வில்லங்கம் வேறு, ஈசி சொல்லும் வில்லங்கம் வேறு. ‘வில்லங்கமான ஆள்’ என்றால் நமக்கு வம்புக்காரன். சார்பதிவாளர் ஆபீசில் அது கிரயம், அடமானம் என்று சொத்தின் பேரில் பதிவானது மட்டும்தான். அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஈசியில் ஒரு வரி ஏறாது.

நீங்கள் தேட வேண்டிய சொல் தாவா. அரபியிலிருந்து வந்தது, உரிமை கேட்டுப் போடும் வழக்கு. நவாப் ஆண்ட ஆற்காட்டுச் சீமையில் இந்தச் சொற்கள் இன்னும் பத்திரத்தை விட்டுப் போகவில்லை. (ராஜினாமாகூட கோர்ட்டில் சமரசம்தான், வேலையை விடுவதல்ல.) தம்பி பாகம் கேட்டுத் தாவா போட்டிருந்து, அது நடக்கும்போது நீங்கள் வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும்.

தாவா ஈசியில் வரவே வராதா? சொத்தை முடக்கிக் கோர்ட்டு ஜப்தி உத்தரவு போட்டால் வரும். அதுவும் உத்தரவு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால். சேர்ந்ததை அங்கே ஒருவர் ஏற்றினால். ஏற்றும்போது சர்வே நம்பரில் உட்பிரிவு மாறாமல் இருந்தால். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றோடொன்று பேசுவதில்லை, அந்த அண்ணன் தம்பி மாதிரியே.

அதனால் கோர்ட்டு வழக்குகளைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவர், தம்பி இருவர் பெயரையும் போட்டு நீங்களே தேடுங்கள். இனிஷியலை மாற்றியும் தேடுங்கள். புரோக்கர் காட்டும் ஈசி எத்தனை வருடத்துக்கு என்று முதலில் பாருங்கள். பழைய அடமானமோ ஜப்தியோ பதிவானதற்குப் பிந்திய பத்து வருடத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது பழைய வித்தை. பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்ப்பதற்கு ஐந்நூறு ரூபாய் வாங்கும் ஆட்களும் உண்டு.

‘தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள்’ என்பார் விற்பவர். போடாதீர்கள். தம்பி தன் பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து தரட்டும், இல்லை விற்பவராகவே சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். சாட்சியாகப் போட்டால் போதும் என்று பத்திரம் எழுதுபவர் சமாதானம் சொல்வார். சாட்சி என்பவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர். பாகத்தை விட்டுக்கொடுத்தவர் அல்ல.