பின்கோடு ஒட்டிய எண்

கேள்வி: புதுச்சேரி பின்கோடு 605001-ஐ இரண்டு முறை சேர்த்து எழுதினால் 605001605001. இது பகா எண்ணா? கால்குலேட்டரில் 12 இலக்கம் அடங்கவில்லை.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பகா எண் இல்லை. கால்குலேட்டரே வேண்டாம். ஆறிலக்க எண் எதுவானாலும், இருமுறை ஒட்டி எழுதுவதும் 1000001-ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். 1000001 = 101 × 9901. ஆக, கடலூரின் 607001-ஐ ஒட்டினாலும் 101-ஆல் மீதியின்றி வகுபடும்.

சரிபார்க்க, வலக்கோடியிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 01 − 50 + 60 − 01 + 50 − 60 = 0. விடை 0 அல்லது 101-இன் மடங்கு என்றால் வகுபடும். இடமிருந்து பிரிக்கும் பழக்கம் வேண்டாம். இலக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் கணக்கு கெடும்.

மிச்சம் 605001. இலக்கக் கூட்டல் 12, எனவே 3 × 201667. இந்த 201667-இல்தான் உண்மையான வேலை. 449-இன் வர்க்கம் 201601, அடுத்த பகா எண் 457-இன் வர்க்கமோ இதைத் தாண்டிவிடும். அதனால் 449 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். கடைசிப் படியான 449-ஐயும் விடக்கூடாது. அங்கே மீதி 66. எதிலும் வகுபடாததால் 201667 பகா எண்.

முழு விடை: 3 × 101 × 9901 × 201667. நான்கும் வெவ்வேறு பகா எண்கள் என்பதால் வகுத்திகள் மொத்தம் 16.

மூன்று முறை ஒட்டி எக்ஸெலில் போட்டுப் பார்க்காதீர்கள். அது 15 இலக்கம்தான் காக்கும். கடைசி 001 சத்தமில்லாமல் 000 ஆகிவிடும்.