பீச் ஹவுஸ் வாங்கினால் மாதம் எவ்வளவு தேறும்?

கேள்வி: மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், இசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நீச்சல் குளத்தோடு மூன்று படுக்கையறை வீடு ஒன்று 1.2 கோடிக்கு வருகிறது. "ஒரு இரவுக்கு 12,000, மாதம் 25 இரவு ஓடும், மூன்று லட்சம் கண்ணை மூடிக்கொண்டு வரும்" என்கிறார் தரகர். 80 லட்சம் வங்கிக் கடன் போட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

பதில்: கட்டாது. தரகர் சொன்ன 12,000 பொய்யில்லை. அது சனிக்கிழமை விலை. அதை 25 ஆல் பெருக்கியதுதான் தப்பு. இசிஆர் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சென்னைக்காரர்கள். வெள்ளி மாலை வண்டியை எடுத்து ஞாயிறு மதியம் வீடு திரும்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆண்டின் 365 இரவுகளை மூன்றாகப் பிரியுங்கள். வெள்ளி, சனி இரவுகள் சுமார் 100. பொங்கல், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தொடர் விடுமுறை என்று ஒரு 15. மீதி 250 வாரநாள் இரவுகள். ஒவ்வொன்றுக்கும் விலையும் வேறு, நிரம்புகிற அளவும் வேறு. கீழே உள்ள எண்கள் மாதிரிக்கு. உங்கள் பகுதியில் விசாரித்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விடுமுறை இரவுகளில் 12 நிரம்பி 18,000 வீதம் கிடைத்தால் 2,16,000. வார இறுதியில் 70 இரவு, 12,000 வீதம் 8,40,000. வாரநாளில் 45 இரவு, 7,000 வீதம் 3,15,000. மொத்தம் 127 இரவு, 13,71,000 ரூபாய். தரகர் கணக்கில் இது 36 லட்சம்.

வார இறுதி 100க்கு 70 என்று குறைத்ததற்குக் காரணம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் புக்கிங் வருவதும் குறைவு, வந்ததும் ரத்தாகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அதுவும் சனிக்கிழமை. அப்படி ஒரு வாரம் போனால் திருப்பித் தரும் பணம் மட்டுமல்ல, பம்ப் அறைக்குள் புகுந்த தண்ணீருக்கும் செலவு உண்டு.

இனி செலவு. புக்கிங் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் 2,05,650. கேர்டேக்கர் சம்பளம் மாதம் 15,000, ஆண்டுக்கு 1,80,000. மின்சாரம் மாதம் 12,000 வீதம் 1,44,000. ஒவ்வொரு புக்கிங் முடிந்ததும் சுத்தம் செய்ய, படுக்கை விரிப்பும் துண்டும் வெளுக்க 1,500. ஆண்டுக்கு 85 புக்கிங் என்றால் 1,27,500. குளத்துக்குக் குளோரினும் ஆளும் 60,000. தண்ணீர் லாரி, இன்டர்நெட், கேஸ் 48,000. பழுதும் மாற்றும் 1,00,000. சொத்து வரி, காப்பீடு 30,000. கூட்டினால் 8,95,150. கையில் நிற்பது 4,75,850, வருமான வரிக்கு முன்.

80 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 69,400, ஆண்டுக்கு 8,33,000. ஆக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல், மாதம் 30,000 சுமார், உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

இந்தப் பள்ளத்தை வாரநாள் இரவுகளால் நிரப்ப முடியுமா? 7,000 ரூபாய் இரவு ஒன்றில் கமிஷன் 1,050, சுத்தமும் சலவையும் 1,500, கூடுதல் மின்சாரம் 600 போனால் மிஞ்சுவது 3,850. இன்னும் 93 இரவுகள் வேண்டும். அதாவது 250இல் 45க்குப் பதில் 138. பாதிக்கு மேல். தொழில் நிறுவனக் குழுக்கள், திருமணப் படப்பிடிப்பு, மாதக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பவர்கள் என்று ஆட்களைப் பிடிக்கும் வழி கைவசம் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் இது உங்கள் குடும்பம் அனுபவிக்கும் வீடு. வருகிற வாடகை செலவில் ஒரு பங்கைத் தாங்கும். அந்தக் கண்ணோடு பார்த்து விலை பேசுங்கள்.

கேள்வி: விற்பவர் "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வீடு" என்கிறார். பாதி புக்கிங் போனில் வந்த ரொக்கமாம், ரசீது இல்லையாம். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மின் கட்டணத்தைக் கேளுங்கள். ரொக்கத்துக்கு ரசீது இல்லாமல் போகலாம், ஏசி ஓடியதற்கு மீட்டர் உண்டு. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் 1.2 யூனிட் இழுக்கும். மூன்று ஏசி பத்து மணி நேரம் ஓடினால் ஓர் இரவுக்கு 36 யூனிட். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதம் 25 இரவு ஓடியது உண்மையானால் ஒரு பில்லில் 50 இரவுக்கு ஏசிக்கே 1,800 யூனிட் வர வேண்டும். குளத்து மோட்டார் தினம் நாலைந்து யூனிட், அது தனி. பில்லில் மொத்தமே 900 யூனிட் என்றால் கதை முடிந்தது. இணைப்பு எண்ணை வாங்கி ஓராண்டு பில்களையும் பாருங்கள். கோடை பில் ஒன்றை மட்டும் நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். எந்தக் கட்டண வகையில் பில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். வீட்டு இணைப்பில் விடுதி நடத்தியிருந்தால், வணிகக் கட்டணத்துக்கு மாறும்போது செலவு கூடும். அது உங்கள் தலையில்தான் விழும்.

தளங்கள் வழியாக வந்த பாதிக்குப் படிவம் 26ஏஎஸ் பேசும். விற்பவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் பட்டியல் அது. 2024 அக்டோபர் முதல் தளங்கள் பிடிக்கும் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 0.1 சதவீதம். ஓர் ஆண்டுக்கு 1,400 ரூபாய் பிடித்திருந்தால் தள வருமானம் 14 லட்சம். (தனிநபருக்கு ஆண்டில் 5 லட்சத்துக்குள் என்றால் பிடிக்க மாட்டார்கள், எதுவும் பிடிக்காததும் ஒரு செய்திதான்.)

பக்கத்து வீடுகளைத் தளத்தில் நீங்களே கண்காணிக்கலாம். அதே அளவு, குளம் உள்ள எட்டுப் பத்து வீடுகளைக் குறித்துக்கொண்டு, புதன்கிழமை தோறும் அடுத்த ஏழு நாட்களில் எந்தத் தேதிகள் புக் செய்ய முடியாமல் மூடியிருக்கின்றன என்று எழுதி வையுங்கள். மூடிய தேதியெல்லாம் புக்கிங் அல்ல, உரிமையாளரே மூடி வைப்பதும் உண்டு. அதனால் கடைசி 12 மாதத்தில் வந்த விமர்சனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். நூறு புக்கிங் ஓடிய வீட்டுக்கு ஆண்டில் ஏழு விமர்சனம் மட்டும் வருவது நம்பும்படி இல்லை.

கேள்வி: ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுக்கு, ஆண்டுதோறும் வீட்டு விலையில் 9 சதவீத வாடகை உத்தரவாதம் தருகிறது. விலை ஒரு கோடி.

பதில்: மூன்று ஆண்டில் 27 லட்சம். உத்தரவாதம் இல்லாத அதே மாதிரி வீடு அதே தெருவில் என்ன விலை என்று கேளுங்கள். 75 லட்சம் என்றால் உங்கள் பணத்தையே தவணையில் திருப்பித் தருகிறார்கள். நாலாம் ஆண்டு நிலவரம் மேலே போட்ட கணக்குதான். உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடுவது கட்டிய நிறுவனமா, நேற்றுத் தொடங்கிய துணை நிறுவனமா என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில், அதன் செலுத்திய மூலதனம் (பங்குதாரர்கள் போட்ட பணம்) எவ்வளவு என்பதோடு பாருங்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி உண்டா?

பதில்: ஓர் இரவு விலை 7,500 வரை 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்), அதைத் தாண்டினால் 18. விலை வைக்கும்போது இந்தக் கோட்டைக் கவனியுங்கள்: 7,500க்கு விருந்தினர் தருவது 7,875, 8,000 என்று வைத்தால் 9,440. ஐந்நூறு கூட்டப்போய் அவருக்கு 1,565 ஏறுகிறது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும், தளம் வழியாக வரும் புக்கிங்குக்குத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும்.

கேள்வி: பழுதுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சமா? புது வீடுதானே?

பதில்: உப்புக் காற்றுக்குப் புதுசு, பழசு தெரியாது. முதலில் போவது ஏசியின் வெளிப்பெட்டி. அதிலுள்ள குழாய்ச்சுருளின் (coil) மெல்லிய தகடுகள் தூளாகி வாயு கசியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் ஆயுள் கூடும். நிலத்தடி நீர் உப்பானால் கீசர் கம்பி அடிக்கடி போகும். கீல், கைப்பிடி, குளத்து ஏணி எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருந்தால் துருப்புள்ளி வரும். கடலோரத்துக்கு 316 வேண்டும். ஜன்னலுக்கு இரும்பைத் தவிர்த்து யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டம் போடுங்கள்.

முன்பணம் தருவதற்கு முன் இரண்டு தூரங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லை) மனை எவ்வளவு தூரம். 500 மீட்டருக்குள் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு, அனுமதி இல்லாத கட்டடமாக இருக்கலாம். மற்றது, மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து தூரம். முதல் 100 மீட்டரில் கட்டவே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாடியில் ஓர் அறை கூட்டி வாடகையை ஏற்றலாம் என்று தரகர் சொன்னால், இந்த இரண்டு எண்களையும் காட்டி எப்படி என்று கேளுங்கள்.