முத்திரை இல்லாத தராசு

கேள்வி: அந்தக் காலத்தில் நூறு நாள் போஸ்டர் ஒட்டினால் படம் வெற்றி. இன்று ஓடிடிக்காரர்கள் 'இத்தனை கோடி நிமிடங்கள்' என்கிறார்கள். கிரிக்கெட் மேட்சை 60 கோடி பேர் பார்த்தார்கள் என்கிறார்கள். எதைத்தான் நம்புவது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் ஊர் தக்காளி மண்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வேண்டும், இல்லையென்றால் வியாபாரிக்கு அபராதம். ஓடிடியில் தராசும் அவர்களுடையது, படிக்கல்லும் அவர்களுடையது. கல்லை எப்போது மாற்றுவது என்பதும் அவர்கள் இஷ்டம்.

மாற்றவும் செய்தார்கள். 2019 வரை நெட்ஃபிளிக்ஸ் ஒரு படத்தில் 70 சதவீதம் பார்த்தவரைத்தான் கணக்கில் எடுத்தது. 2020 தொடக்கத்தில், இரண்டு நிமிடம் பார்த்தால் போதும் என்றது. புதுக் கணக்கில் எண்ணிக்கை சராசரியாக 35 சதவீதம் கூடும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரு ஆள்கூடக் கூடுதலாகப் பார்க்காமல் எல்லாப் படமும் 'இன்னும் பெரிய ஹிட்'! நம் தியேட்டரில் இரண்டு நிமிடத்துக்குள் தணிக்கைச் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை, நன்றி அட்டைகளே முடிந்திருக்காது. 2021-ல், எல்லோரும் சேர்ந்து மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு வந்தார்கள். இழுவைப் படங்களுக்கு யோகம். 2023 முதல் மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுக்கிறார்கள். இருப்பதில் இது தேவலாம். ஆனாலும் பாதியில் தூங்கிப்போன இருவர் சேர்ந்தால், முழுப்படம் பார்த்த ஒருவர்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 2025 பிப்ரவரியில் துபாயில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தில் ஜியோஹாட்ஸ்டார் காட்டிய எண் 60 கோடியைத் தாண்டியது. அது பேர் அல்ல, பார்வைகள்; ஒருவரே திரும்பத் திரும்ப வந்து பார்த்தாலும் எண் ஏறும். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் உச்சத்தில் 5.9 கோடி. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நாள் முழுக்க வந்துபோன நடையெல்லாம் ஒரு கணக்கு. உச்சிவேளையில் சந்தைக்குள் நின்ற தலைகள் வேறொரு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஒன்றேகால் ஆண்டில் பத்து மடங்கு வளர்ச்சி' என்று பேசுகிறவருக்குக் கைமாற்று கொடுத்துவிடாதீர்கள். ஒகேனக்கல் சாலை டீக்கடையில் ஒரே டிவியைச் சுற்றி நிற்கும் முப்பது பேர் எந்தக் கணக்கில் வருவார்கள் என்பது தனிக்கதை.

பழைய கணக்கும் சுத்தத் தங்கம் இல்லை. 1944-ல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது உண்மை. பிற்காலத்தில் காலைக் காட்சி ஒன்றை மட்டும் இழுத்துப் பிடித்து நூறாவது நாள் போஸ்டர் ஒட்டியதும் உண்மை. ஆனால் போஸ்டரை யார் நம்பினார்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சினிமாக்காரர்களுக்கு இன்றும் 'சேலம் ஏரியா'. அந்த ஏரியாவுக்குப் பணம் கட்டிய விநியோகஸ்தரின் ஆள் படப்பெட்டியோடு வந்து, கிழித்த டிக்கெட்டை எண்ணுவார். தியேட்டர்காரர் ஒரு கணக்கு, இவர் ஒரு கணக்கு. சண்டை போட்டுத்தான் ஒரு எண்ணுக்கு வருவார்கள். ஓடிடியில் தயாரிப்பாளர் பெரும்பாலும் மொத்தத் தொகையை முன்பே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். எதிர்க்கணக்கு எழுத ஆள் இல்லை.

ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள், பணத்தைப் பாருங்கள். படமென்றால், அதே இயக்குநரின் அடுத்த படத்தை அதே ஓடிடி கூடுதல் விலைக்கு வாங்குகிறதா என்று கவனியுங்கள். கிரிக்கெட் என்றால், 2023–27 ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அடுத்த ஏலத்தில் அது ஏறுகிறதா என்று பாருங்கள். அதற்குள், அந்த 60 கோடியில் நீங்கள் ஒருவரா, சிக்னல் போய்ப் போய் வந்ததில் மூவரா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள்.