ஒரே இன்ஜின்தானே, ஏன் 80 ஹெச்பி கம்மி?

கேள்வி: சார், நான் டெக்சாஸ்ல இருக்கேன். ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, எஃப்-150 பிக்கப் ரெண்டுலயும் அதே 5.0 லிட்டர் வி8 தான். ஆனா 2024 மாடல்ல காருக்கு 480 ஹெச்பி, பிக்கப்புக்கு 400. வெயிட் இழுக்கிற வண்டிக்குப் போய் ஏன் பவரைக் குறைச்சாங்க?

பதில்: ஹெச்பியை மட்டும் பார்த்தா இப்படித்தான் குழப்பும், பக்கத்துல பொடி எழுத்துல ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு) போட்டிருப்பான் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. மஸ்டாங் அந்த 480-ஐத் தொடறது 7,150 ஆர்பிஎம்ல, பிக்கப் 400-ஐத் தொடறது 6,000-லயே. பவுண்ட்-அடி கணக்குல டார்க்கை, அதாவது இன்ஜினோட திருப்பு விசையை, ஆர்பிஎம்மால பெருக்கி 5,252-ஆல வகுத்தா ஹெச்பி வரும், இதையே திருப்பிப் போட்டா அந்த உச்சத்துல காரோட டார்க் 353, பிக்கப்போடது 350. மூணே மூணு வித்தியாசம்! அந்த 80 ஹெச்பியில முக்கால்வாசிக்கு மேல இன்ஜின் இன்னும் வேகமா சுத்தறதால வந்ததுதான், இழுவை ஒண்ணும் பெருசா கூடிடல.

அதிகபட்ச டார்க்கும் பாருங்க, கார்ல 415, ஆனா 4,900-க்குப் போகணும். பிக்கப்ல 410, அது 4,250-லயே கிடைச்சிடுது. பின்னாடி படகைக் கட்டிக்கிட்டு மேடு ஏறும்போது 7,000-க்கு முறுக்கிக்கிட்டேவா போவீங்க? வீட்ல உள்ளவங்க இறங்கி நடந்தே வந்துருவாங்க.

கேள்வி: இந்த வி8 பிக்கப் கிட்டத்தட்ட 13,000 பவுண்ட் இழுக்கும்னு போட்டிருக்காங்களே, நம்பலாமா?

பதில்: பொய் இல்ல, ஆனா அது எல்லா எஃப்-150-க்கும் கிடையாது, குறிப்பிட்ட கேபின், ஆக்சில் ரேஷியோ (அச்சுல இருக்கிற கியர் விகிதம்), டோயிங் பேக்கேஜ் (டிரெய்லர் இழுக்கிறதுக்கான கூடுதல் சாமான்) எல்லாம் சரியா அமைஞ்ச வண்டிக்கு மட்டும். நீங்க பார்க்க வேண்டியது பேலோடு, அதாவது வண்டி மேல ஏத்தக்கூடிய எடை. டிரைவர் டோரைத் திறந்தா சட்டத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருக்கும், அது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமான நம்பர். டிரெய்லரோட மூக்கு, அதை வண்டியில மாட்டுற கொக்கியான ஹிட்ச்சுல அழுத்துற வெயிட்டும் இதுல சேரும், பொதுவா டிரெய்லர் எடையில 10-ல இருந்து 15 சதவீதம் வரும். 10,000 பவுண்ட் டிரெய்லர்னா 12 சதவீதம்னு வச்சாலே 1,200 போச்சு. ஸ்டிக்கர்ல 1,600-னு இருந்தா மிச்சம் 400, நீங்க, வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க ஏறினாலே முடிஞ்சுது, ஐஸ் பெட்டிக்குக்கூட இடம் இல்ல. இன்ஜின் இழுத்துடும் சார், ஸ்பிரிங்கும் டயரும்தான் பாவம்.

கேள்வி: கியர்பாக்ஸாவது வேற வேறயா?

பதில்: ஆட்டோமேட்டிக்னா ரெண்டுக்கும் 10 ஸ்பீடு தான், ஃபோர்டும் ஜிஎம்மும் சேர்ந்து டெவலப் பண்ணது. கிளட்ச் மிதிச்சு ஓட்டணும்னு ஆசை இருந்தா மஸ்டாங்ல மட்டும் 6 ஸ்பீடு மேனுவல் இருக்கு, பிக்கப்ல அந்தப் பேச்சே கிடையாது.