‘ஆம்’ என்று ஓட்டுப் போட்டால் மறுநாளே வகுப்பை விட்டு வெளியே வர வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் தருவதா வேண்டாமா என்று நடத்தும் வாக்கெடுப்பு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: நான் ஒப்பந்த விரிவுரையாளர். ஆறு வருடமாக ஒரே கல்லூரி, பருவத்துக்குப் பருவம் புது ஒப்பந்தம். அடுத்த வாரம் எங்கள் சங்கம் ஸ்ட்ரைக் ஒப்புதல் ஓட்டெடுப்பு நடத்துகிறது. ‘ஆம்’ போட்டால் உடனே ஸ்ட்ரைக்தான் என்று ஒரு சீனியர் பயமுறுத்துகிறார். ‘ஆம்’ போட்டால்தான் ஸ்ட்ரைக்கே வராது என்கிறார் இன்னொருவர். வீட்டுக்கடன் இருக்கிறது. பேசாமல் ஓட்டே போடாமல் இருந்துவிடவா? (பெயர் வேண்டாம்)*

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படி இருந்துவிடாதீர்கள். ‘இல்லை’ என்று போட்டாலும் பரவாயில்லை, போய்ப் போடுங்கள்.

உங்கள் சீனியர்கள் இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. இந்த ஓட்டு, தேவைப்பட்டால் தேதி குறிக்கிற அதிகாரத்தைப் பேச்சுவார்த்தைக் குழுவின் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். குழு அதை வைத்துக்கொண்டு மறுபடியும் நிர்வாகத்தோடு பேச உட்காரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கல்லூரி ஆசிரியர்கள் 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தார்கள், 2025 ஜனவரியில் ஸ்ட்ரைக் தொடங்கவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் இரு தரப்பும் மத்தியஸ்தத்துக்கு ஒத்துக்கொண்டன, வகுப்புகள் நிற்கவில்லை. ஆனால் எப்போதும் அப்படியே நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு ‘ஆம்’ போடக்கூடாது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2023 மார்ச்சில் ஓட்டளித்தவர்களில் 94 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள், ஒரு மாதம் பேசிப் பார்த்தார்கள், ஏப்ரல் 10-ஆம் தேதி நிஜமாகவே வெளியே வந்துவிட்டார்கள். 1766-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்தது அதுதான் முதல்முறை. ஐந்தே நாளில் உடன்பாட்டுக்கான வரைவு வந்துவிட்டது, அதில் பெரிய பங்கு கிடைத்தது உங்களைப் போன்றவர்களுக்குத்தான்: பகுதிநேர விரிவுரையாளர்களின் ஊதிய விகிதம் ஒப்பந்தக் காலத்தில் சுமார் 44 சதவீதம் உயர்வதாக முடிவானது.

அதனால் ‘ஆம்’ போடுவதற்கு முன் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான். நாளைக்கே தேதி குறித்தால் நான் வாசலில் போய் நிற்பேனா? நிற்பேன் என்றால் ‘ஆம்’. சும்மா நிர்வாகத்தை மிரட்டிப் பார்க்கட்டும் என்று போடுகிற ‘ஆம்’ ரொம்ப ஆபத்தானது, ஏனென்றால் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் குழு தேதி குறிக்கும், அப்புறம் வாசலில் ஆள் இல்லையென்றால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தச் சங்கத்தின் பேச்சை யாரும் மதிக்கமாட்டார்கள்.

ஓட்டே போடாததும் இதே மாதிரிதான். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், ஓட்டுரிமை உள்ளவர்களில் குறைந்தது பாதிப்பேர் ஓட்டளித்தால்தான் முடிவு செல்லும் என்று வைத்தது. 2023 நவம்பரில் அங்கே பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் ஓட்டெடுப்பில் ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்ட்ரைக்குக்குச் சம்மதம் சொன்னார்கள், ஆனாலும் வந்து ஓட்டளித்தவர்களே பாதியைத் தொடவில்லை, அதனால் எல்லாம் வீணாயிற்று. இப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் நிர்வாகம் முதலில் பார்ப்பது மொத்தம் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதைத்தான்.

பயம் இருக்கிறதே, அதைப் புரிந்துகொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் சங்க ஓட்டெடுப்பில் சீட்டு எண்ணியவர்களில் நானும் ஒருவன். நூலகத்தில் இரண்டு மேஜையை ஒட்டிப் போட்டு, நான்காக மடித்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு சீட்டில் ‘இல்லை’க்கு நேராக டிக், அதை அடித்துவிட்டு ‘ஆம்’க்கு நேராக டிக், பக்கத்தில் முழுக் கையெழுத்து. திருத்தியது நான்தான், வேறு யாரும் இல்லை என்று சொல்வதற்காகப் போட்ட கையெழுத்து. பெயர் தெரிந்துவிட்டதால் விதிப்படி செல்லாத ஓட்டு. அவர் உங்களைப் போலவே ஒப்பந்தத்தில் இருந்தவர். சீட்டை மடித்து உறையில் போட்டு ஒட்டினோம், மேஜையைச் சுற்றி இருந்த நாலு பேரும் இன்றுவரை அந்தப் பெயரை வெளியே சொல்லவில்லை. உங்கள் சங்கத்தில் ஓட்டை எண்ணப்போவது யார், ஆன்லைன் ஓட்டென்றால் அதை நடத்துவது யார், உங்கள் பெயரும் ஓட்டும் சேர்ந்து யார் கண்ணிலாவது படுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். ஸ்ட்ரைக் நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வாரம் தாங்கும், எந்த நாளிலிருந்து படி கிடைக்கும், அது நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமா ஒப்பந்தக்காரருக்கும் உண்டா. சட்டப்படியான சமரசக் கட்டம் முடிந்துவிட்டதா, எத்தனை நாள் முன்னறிவிப்பு. அப்புறம் ரொம்ப முக்கியமானது, ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டதற்காக ஒருவரின் ஒப்பந்தம் அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கப்படாவிட்டால் சங்கம் என்ன செய்யும். யாரையும் பழிவாங்கக்கூடாது என்ற நிபந்தனை உடன்பாட்டில் எழுத்தில் வருமா? நிரந்தரப் பேராசிரியருக்கு ஸ்ட்ரைக் என்றால் சில வாரச் சம்பளம் போகும், உங்களுக்கு வேலையே போகலாம். இதைத் தலைவர்கள் வெளிப்படையாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத சங்கம் உங்களிடம் ‘ஆம்’ கேட்க உரிமையில்லாதது என்றுதான் நான் நினைக்கிறேன்.

*கேள்வி: என் மகளுக்கு இது கடைசிப் பருவம். ஆசிரியர்கள் சம்பளச் சண்டைக்கு எங்கள் பிள்ளைகள்தான் பலியாகணுமா? (ஒரு தாய்)*

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பிள்ளைகள் பாதிக்கப்படமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்டாரியோவில் 2017-இல் 24 கல்லூரிகளின் சுமார் 12,000 ஆசிரியர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்புதல் ஓட்டெடுப்பில் 68 சதவீதம்தான் ஆதரவு. நடுவில் நிர்வாகத் தரப்பு தன் கடைசி யோசனையை ஆசிரியர்களின் ஓட்டுக்கே விட்டது, 86 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். கடைசியில் மாகாண அரசு சட்டம் போட்டு வகுப்புக்குத் திருப்பி அனுப்பியது. பருவத்தை நீட்டித்துப் பாடத்தை முடித்தார்கள், தொடர விரும்பாத மாணவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் ஐந்து வாரப் பாடத்தை நெருக்கி நடத்தியதில் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் மகளின் புராஜெக்டை வழிநடத்துகிறவர் ஒப்பந்தத்தில் இருப்பவராக இருந்தால், அடுத்த பருவம் அவர் அங்கே இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. ஒரு கல்லூரியில் காலையும் இன்னொரு கல்லூரியில் மாலையும் ஓடிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு விடைத்தாள் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர். உங்கள் பிள்ளை அதையும் சேர்த்துத்தான் அனுபவிக்கிறது. ஓட்டெடுப்பு அறிவிப்பு வந்த இந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது, இறுதித் தேர்வும் புராஜெக்ட் மதிப்பீடும் தள்ளிப்போனால் என்ன ஏற்பாடு என்று நிர்வாகத்திடமும் எழுதிக் கேட்பது, சங்கத்திடமும் எழுதிக் கேட்பது. பெற்றோரின் கடிதத்துக்கு இரண்டு பக்கமும் மதிப்பு உண்டு.

*கேள்வி: நான் ‘இல்லை’ என்று போட்டேன். பெரும்பான்மை ‘ஆம்’. ஸ்ட்ரைக் வந்தால் நான் வகுப்பெடுத்தால் கருங்காலி என்பார்களா?*

பதில்: சொல்வார்கள். அந்தச் சொல் ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை விழுந்துவிட்டால் ஓய்வுபெறும்வரை போகாது. ஓட்டெடுப்பில் கலந்துகொண்டு தோற்றவர் முடிவுக்குக் கட்டுப்படுவதுதான் முறை என்பது என் கருத்து. அதே நேரத்தில் ‘இல்லை’ போட்டவர்களிடம் காரணம் கேட்காத சங்கம் பாதிப்பலத்தோடுதான் வெளியே வரும், இதை உங்கள் செயலாளரிடம் காட்டுங்கள்.

*கேள்வி: இந்தியாவில் கல்லூரி ஆசிரியர்களுக்கு இப்படி ஓட்டெடுப்பு சட்டத்தில் உண்டா?*

பதில்: 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஓட்டெடுப்பைக் கேட்கவில்லை. அந்தச் சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்ற 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில் வந்தது, அதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். ஆனால் ரகசிய ஓட்டு நடத்தக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாலு தலைவர்கள் மேடையில் அறிவிப்பதைவிட, உறுப்பினர்களின் சீட்டை எண்ணிவிட்டு அறிவிப்பது எவ்வளவோ மேல். சங்க விதிகளில் இதைச் சேர்க்கச் சொல்லிப் போராடுங்கள்.

*கேள்வி: ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள் மாணவர்கள் “சார், ஸ்ட்ரைக்கா?” என்று கேட்டால் என்ன சொல்வது?*

பதில்: உள்ளதைச் சொல்லுங்கள். ஓட்டுப் போட்டோம், இன்னும் தேதி இல்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது, தேதி குறித்தால் உங்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுவேன். கோரிக்கை என்ன என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள், ஆதரவு தாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், உங்கள் கையில் அவர்களுடைய மதிப்பெண் இருக்கிறது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து அன்றைய பாடத்தை நடத்துங்கள்.